வக்கீலின் கடைவாய்ப் பல்

"டாக்டர், பல் போனா போகட்டும். நான் இங்க வந்தது மட்டும் என் வீட்டுக்காரிக்குத் தெரியவே கூடாது!"

கோர்ட்டில் வாயைத் திறந்தால் நீதிபதி அதட்டினாலொழிய மூடாத வக்கீல், பல் டாக்டரின் நாற்காலியில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு கெஞ்சினார். காரைக்கூட எடுக்காமல், பஸ் மாறி, ஊரின் இந்தக் கோடிக்கு வந்திருந்தார். வீட்டுப் பக்கத்தில் பல் ஆஸ்பத்திரிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கெல்லாம் தெரிந்த முகங்கள். அவர் போய்த் திரும்புவதற்குள் சேதி வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

டாக்டர் சிரித்தார். "குடிக்கிறதை மறைப்பாங்க, சீட்டாடுறதை மறைப்பாங்க. சொத்தைப் பல்லை மறைக்கிற ஆளை இன்னிக்குத்தான் சார் பார்க்கிறேன். வாயைத் திறங்க."

திறந்தார். டாக்டரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அடேங்கப்பா! ராத்திரி பல் விளக்குற வழக்கம் உண்டா, இல்லையா?"

"விளக்குறேன்னுதான் வீட்ல நினைச்சிட்டிருக்கா."

"அப்படின்னா?"

"குழாயைத் திறந்து விடுவேன். பிரஷ்ஷை நனைச்சு வைப்பேன். வாசனைக்குக் கொஞ்சம் பேஸ்ட்டை நாக்குல தடவிக்கிட்டு வந்து படுத்துடுவேன்."

பேஷ்! பல் விளக்குவதைவிட, விளக்காமல் இருப்பதற்கு ஐயா அதிகம் மெனக்கெட்டிருக்கிறார்.

"மிஸஸ் கண்டுபிடிக்கலையா?"

"அவளா? ராத்திரி விளக்குங்க, சாப்பிட்டா கொப்பளிங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப் பண்ணுங்கன்னு உயிரை எடுப்பா. செக்கப்புன்னாலே கேஸ் இருக்குன்னு கோர்ட்டுக்கு ஓடிடுவேன். போன வாரம்கூட, 'பல்லு சொத்தையாகுதுன்னா அவன் சோம்பேறி'ன்னு சாப்பாட்டு மேஜையில ஒரு பிரசங்கம். இப்ப நான் இப்படிப் போய் நின்னா, சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவா. கேஸ் தோத்தாக்கூட அப்பீல் உண்டு டாக்டர். இவகிட்ட அதுவும் கிடையாது!"

"அவங்க பேச்சைக் கேட்டிருந்தா அடைச்சு அனுப்பியிருப்பேன். இப்ப பிடுங்கத்தான் வேணும்."

பிடுங்கினார்.

பஞ்சைக் கடித்தபடி வக்கீல் திரைக்குப் பின்னால் இருந்த வாஷ்பேசினுக்குப் போனார். கண்ணாடியில் பார்த்தார். கன்னத்தில் பெரிதாக வீக்கம் இல்லை. கடைவாய் ஓட்டையை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? அப்பாடா, தலை தப்பியது என்று அவருக்கு உச்சி குளிர்ந்தது.

வெளியே கதவு திறக்கும் சத்தம். அடுத்த ஆள் போலிருக்கிறது. டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அடடே, மேடம்! நீங்களா? போன மாசம் பல் டாக்டர்கள் கூட்டத்துல, வருமுன் காக்கிறது எப்படின்னு எங்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தீங்களே! சொந்த ஆஸ்பத்திரியை விட்டுட்டு இவ்வளவு தூரம்..."

"ஸ்ஸ்... மெதுவா பேசுங்க டாக்டர்! கடைவாய்ப் பல்லு சொத்தை, உயிர் போகுது. எனக்குக் கீழ வேலை பார்க்கிற பசங்ககிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வாயைத் திறக்கிறது? அவங்களைக்கூடச் சமாளிச்சிடலாம். வீட்ல ஒரு வக்கீல் இருக்கார்... அவர் காதுக்குப் போச்சுன்னா, ஆயுசுக்கும் குறுக்கு விசாரணைதான்!"