இரண்டாவது கோடு

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து அச்சுப் பட்டறையின் ஜன்னலில் பனிவெளிச்சம் சாம்பலாக நிற்கிறது. ஓவியர் ஃபோல்க்மாரின் முன்னால், அச்செடுப்பதற்காக அவர் ஒரு மீனைச் செதுக்கிய செப்புத் தகடு கிடக்கிறது. நாற்பது வருடமாக அவர் செதுக்கிய பறவைப் பெண்களுக்கும் சிறகு முளைத்த மீன்களுக்கும் மனைவி இல்ஸேயின் முகம்தான். இந்த மீனுக்கும் அதுவே. போன மாதம் அவள் இறந்துபோனாள். முப்பது பிரதிகளும் அச்சாகிவிட்டதால், இனி யாரும் அச்சிடாதபடி தகட்டைக் கீறிக் கெடுக்க வேண்டும். "நான் கீறிடட்டுமா?" என்கிறாள் அச்சடிக்கும் கெர்லிண்டே, விரல் மையைத் துடைத்தபடி. "வேணாம். உன்னைக் கண்டாலே இல்ஸேக்கு ஆகாது." இருவரும் சிரிக்கவில்லை. அவர் எஃகு ஊசியால் நெற்றியிலிருந்து வால்வரை ஒரே இழுப்பாக இழுக்கிறார். செம்பு கிரீச்சிடுகிறது. அழுகை வரவில்லை. துகளை ஊதித் தள்ளுகிறார். "குறுக்கே இன்னொண்ணு போடணும், கண்ணு மேல," என்கிறாள் அவள் மெல்ல. "தெரியும்," என்றுவிட்டு, ஊசியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.