சிறுத்தைக்குத் தூவிய மாவு

ஊரிகம் தங்கச் சுரங்கத் துரை பங்களாவில், பாடம் செய்து நிறுத்திய சிறுத்தையைப் பூச்சி அரிக்காமல் பாஷாண விஷப் பொடி தூவுவது என் உத்தியோகம். போன மாதம் கைதவறி அந்தப் பொடி முழுவதையும் சாக்கடையில் கொட்டிவிட்டேன். பயத்தில் ஜாடியை அரிசி மாவால் நிரப்பி வைத்தேன். நான் வைத்த விருந்தில் பூச்சிகள் சிறுத்தையின் ஒரு காதையும் சேர்த்துத் தின்றுவிட்டன.

சமையல்காரர் செபமாலையிடம் போய் அழுதேன். "வேலை போச்சுண்ணா. ஜாடியில இருக்கிறது வெறும் அரிசி மாவு."

அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "மாவா? எப்பலேர்ந்துடா?"

"ஒரு மாசமா. காது போனது சிறுத்தைக்கு. நீங்க இன்னாத்துக்கு தலையில அடிச்சிக்கிறீங்க?"

"என் தம்பிய உதைச்சே கொன்னவன்டா துரை. மூணு வாரமா தினமும் அவன் சூப்புல அந்த ஜாடிப் பொடியத்தான் கலக்குறேன். இன்னாடா மனுசன் பெருத்துக்குனே போறானேன்னு பார்த்தேன்."