பதினான்காம் இருக்கை

வாலில் ஒரு திருகு தேய்ந்துபோய் விழுந்த விமானம் அது. கிடைத்த துண்டுகளைக் கொட்டகைத் தரையில் அதனதன் இடத்தில் அடுக்குவதுதான் மெக்கானிக்கின் வேலை. பதினான்காம் இருக்கையில் போனவள் அவன் மனைவி.

அந்த இருக்கையின் பெல்ட்டை மட்டும் மாலையில் கழற்றி வைத்தாலும், காலையில் ஒரு மடியைச் சுற்றினாற்போல் மாட்டியே கிடந்தது.

"யாருய்யா இதுல விளையாடறது?" என்று மேற்பார்வையாளர் கத்தினார்.

மெக்கானிக்குத் தன் மனைவியின் பழக்கம் தெரியும். அவனோடு போகும்போதெல்லாம், விமானம் நின்ற பிறகும், "நீங்க சொன்னாதான் கழட்டுவேன்" என்பாள், அவ்வளவு பயம். அவள் தனியாகப் போனது அந்த ஒரு தடவைதான்.

கடைசித் துண்டு வந்த அன்று இருக்கையருகே குனிந்தான்.

"இறங்கியாச்சும்மா. கழட்டு. வீட்டுக்குப் போலாம்."

காலி இருக்கையோடு பேசிய தன்னையே நொந்துகொண்டு வீடு வந்து, காலையில் போட்ட பூட்டைத் திறந்து தள்ளினான்.

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.