முப்பத்தேழு அங்குலம்

அண்ணி ஷெட் தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள்.

எதிரே ஜாக்கியில் அண்ணியின் ஜீப். முன்பக்கச் சக்கரம் இல்லை. எட்டு போல்ட்டுகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன.

முன்பு ஆறுதான். போன மாதம் ஒரு பெரிய லாரியின் ஆக்சிலைக் கழற்றி இந்த வண்டிக்குப் பொருத்தினேன். பழைய சக்கரம் எதுவும் இனி உட்காராது.

அளவு பார்ப்பதற்காக டயர்க் கடையிலிருந்து மூன்று சக்கரங்கள் இரவல் வாங்கி வைத்திருந்தேன். முப்பத்துமூன்று, முப்பத்தைந்து, முப்பத்தேழு அங்குலம். இரண்டு வாரமாகச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன.

அண்ணி நர்ஸ். வாரத்துக்கு ஒருமுறை மலைக்கு மேலே மருந்து கொண்டுபோகிறாள். பாதை ஏழு இடத்தில் ஆற்றில் இறங்கி ஏறுகிறது. வண்டி உயரமாக இருந்தால் நல்லது. ஆனால் கல்லில் டயர் கிழிந்தால் அங்கேயே கழற்றி மாட்ட வேண்டும்.

இதுவரை கூடவே போய் மாட்டியது நான்.

எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வருடம். இன்று மாலைக்குள் பதில் எழுத வேண்டும்.

நீங்கள் தனியாகச் சக்கரம் மாட்டிக் காட்டினால் போகிறேன், இல்லாவிட்டால் போகவில்லை என்று அண்ணியிடம் சொல்லியிருந்தேன்.

அண்ணனை நம்ப முடியாது. கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தால் முதுகு சொறிந்துகொள்வான்.

முப்பத்தேழை உருட்டிக்கொண்டு வந்தேன். இந்த ஆக்சிலுக்கு இதுதான் சரி என்றேன். அண்ணி சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அந்தச் சக்கரத்தை நானே இரண்டு முறை மூச்சு வாங்கித்தான் தூக்குவேன்.

"முடியலன்னா விட்டுடுங்க அண்ணி. இடுப்பு பிடிச்சுக்கிட்டா உங்க வீட்டுக்காரர் என்னைத்தான் திட்டுவார்."

"ஆமா, அவர் திட்டிக் கிழிச்சார். தள்ளி நில்லுடி."

அவள் தூக்கவே இல்லை.

சக்கரத்தை உருட்டித் தன் இரண்டு கால்களின் மேல் ஏற்றினாள். கைகளால் அது சாயாமல் பிடித்துக்கொண்டாள். முழங்கால்களை மெல்ல மடக்கினாள். அவ்வளவு பெரிய சக்கரம், தூங்கும் குழந்தையைப்போல, அவள் காலோடு எழுந்தது. கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினாள். எட்டுத் துளைகளும் எட்டு போல்ட்டில் போய் உட்கார்ந்தன.

முதல் நட்டைக் கையாலேயே முடுக்கினாள்.

நான் சொல்லிக்கொடுத்தது கடப்பாரையால் நெம்புவது. இது எனக்குத் தெரியாத வித்தை.

"ஆச்சா? போய்ப் பெட்டியைக் கட்டு," என்றாள் அண்ணி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

எழுந்தபோது பேன்ட் ஒரு பக்கம் முழங்கால்வரை சுருண்டிருந்தது. அவள் இழுத்துவிடுவதற்குள் பார்த்துவிட்டேன்.

கால் முழுக்கக் கன்றிப்போயிருந்தது. புதிய தடங்கள் நீலம். அவற்றுக்குக் கீழே பச்சை. ஓரங்களில் ஆறத் தொடங்கிய மஞ்சள்.

இந்த இரண்டு வாரத்தில் நான் உதிரிபாகம் வாங்கப் போய், அண்ணியும் சக்கரங்களும் ஷெட்டில் தனியாக இருந்த மதியங்களை எண்ணிப் பார்த்தேன்.

சுவரோரம் போய் முப்பத்தைந்தின் மேல் கையை வைத்தேன்.

"இந்த வண்டிக்கு முப்பத்தைந்தே போதும் அண்ணி."

"தெரியும்," என்றாள் அவள், இரண்டாவது நட்டைத் தேடியபடி. "நீ இதைத்தான் உருட்டிட்டு வருவேன்னும் தெரியும்."