சனிக்கிழமை அம்புக்குறி

அம்புக்குறி நகர்ந்தது. அவள் நகர்த்தவில்லை.

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். புனேயில் அவள் மேசைமேல் இருந்த திரைக்குள் விருதுநகர் வீட்டுக் கம்ப்யூட்டரின் திரை விரிந்திருந்தது. அதில் அம்புக்குறி தானாக ஊர்ந்துகொண்டிருந்தது.

அப்பா.

எதையும் க்ளிக் செய்யுமுன் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அமுக்குவார். வேறு யாரும் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை.

அவர் அவளிடம் பேசி நான்கு வருடமாகிறது. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவளிடம் இனி ஒரு வார்த்தை கிடையாது, பெயரைக்கூடச் சொல்ல மாட்டேன் என்றார். சொன்னால் சொன்னதுதான். அந்த வீம்பு அவளுக்கும் கொஞ்சம் வந்திருந்தது. அவளும் பேசவில்லை.

எது கேட்பதானாலும் நடுவில் அம்மா. அவள் ஊருக்குப் போய் இருவரும் ஒரே அறையில் இருந்தாலும், அவளைச் சாப்பிடச் சொல், அவரைச் சாப்பிடச் சொல் என்று அம்மாவைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

கம்ப்யூட்டருக்குள் வர மட்டும் அவளுக்கு அனுமதி.

மறுபடி மந்தமாக ஓடுகிறதாம், பார்க்கச் சொல்கிறார் என்று அம்மா போன் செய்வாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் இங்கிருந்தே உள்ளே நுழைவாள். வைரஸைத் தேடுவாள். வேண்டாததை நீக்குவாள். அங்கே அப்பா நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக் கைகட்டி உட்கார்ந்துகொள்வாராம். அம்புக்குறி போகிற பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாராம். கொடுத்த காபி ஆறிப்போய் அப்படியே இருக்குமாம். எல்லாம் அம்மா சொன்னது.

அந்தக் கம்ப்யூட்டரின் பெயர் இன்னும் கயல்தான். கல்லூரியில் படிக்கும்போது அவளே தன் பெயரை அதற்கு வைத்தாள். அப்பாவுக்கு மாற்றத் தெரியாது என்பாள் அம்மா.

வாராவாரம் உள்ளே அவ்வளவு குப்பை. சீட்டாட்டம். இலவச ஜாதகம். வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று வந்து, இருந்ததையும் கெடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் இன்னொன்று.

கேஸை மூடினோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிற மனிதர். சீட்டைக் கையால் தொட்டதில்லை. ஜாதகத்துக்கு மூன்று மைல் தள்ளி நிற்பவர். வயதாகிவிட்டது, கண்டதையும் அமுக்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அலுத்துவிட்டது. அவளுக்கும் இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைதானே.

அதனால் ஒரு பூட்டுப் போட வந்தாள். அவளுடைய கடவுச்சொல் இல்லாமல் இனி அதில் எதுவும் ஏறாது. வைரஸ் வராது. மந்தமாகாது. அவளும் வர வேண்டியிருக்காது. நாளை ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்பதால் இன்றே முடித்துவிட நினைத்தாள்.

அவள் உள்ளே வந்தால் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி தோன்றும். அப்பா மூலைகளைப் பார்க்கிறவர் இல்லை.

அம்புக்குறி ஆன்டிவைரஸைத் திறந்தது.

பாதுகாப்பை நிறுத்தவா என்று அது கேட்டது.

ஒரு சுற்று. ஆம்.

நிறுத்தினால் ஆபத்து, நிச்சயம்தானா என்று கேட்டது.

ஒரு சுற்று. ஆம்.

தெரியாமல் அமுக்குகிற கை இல்லை அது.

அடுத்து ஒரு ஜாதகப் பக்கத்துக்குப் போனது. இருப்பதிலேயே அதிகமாக மின்னுகிற பொத்தானைத் தேடி அமுக்கியது. ஏதோ இறங்க ஆரம்பித்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் இப்படித்தான் வந்தனவா?

திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, சரிசெய்ய வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைத் தருக.

இதை அப்பா எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. அம்புக்குறி அப்படியே நின்றது. பிறகு பதறிப்போய்க் கடவுச்சொல் கேட்ட கட்டத்தைப் பார்த்து ஓடியது.

சுற்றவில்லை.

அவள் மவுஸைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பக்கமிருந்தும் ஓர் இழுப்பு. ஒரே அம்புக்குறி, இரண்டு கைகள். அது திரைக்கு நடுவில் தத்தளித்தது.

அங்கே பிடி விட்டது.

சிவப்புப் பக்கத்தை மூடினாள். இறங்கியதைத் துடைத்தாள். போட வந்த பூட்டைப் போடவில்லை. அவர் நிறுத்திவைத்த பாதுகாப்பையும் அவள் தொடவில்லை.

போன் அடித்தது. அம்மா. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"இன்னைக்குச் சனிக்கிழமைதானேன்னு அப்பா கேக்கச் சொல்றாரு."

பூட்டுப் போட வந்தேன் என்று சொல்லலாம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அப்பா அந்த நாற்காலியில் மறுபடி உட்கார மாட்டார்.

"சும்மாதான் வந்தேன்னு சொல்லும்மா. இனிமேலும் சும்மா வருவேன்னு சொல்லு."

அம்மா சொல்ல வாயெடுக்குமுன் இன்னொரு குரல் வந்தது. நான்கு வருடமாகப் போனில் கேட்காத குரல், கொஞ்சம் கரகரத்திருந்தது.

"கேட்டுருச்சுன்னு சொல்லு."

அம்மா அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

திரையில் அம்புக்குறி அசைந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மெல்லப் போய் ஆன்டிவைரஸைத் திறந்தது.

பாதுகாப்பை இயக்கவா என்று அது கேட்டது.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

ஆம்.