பதினோராம் பக்கம்

கணுக்கால் நனைந்தபோது அமைச்சர் மூன்றாம் பக்கத்தில் இருந்தார்.

அவனுக்குத் தெரியும். உரையை எழுதிக் கொடுத்த அருங்காட்சியக அதிகாரியே அவன்தான்.

தலைக்கு மேலே பலகைத் தளம். அதன்மேல் அமைச்சரும் அறுபது விருந்தினரும். கீழே, கப்பலின் வயிற்றுக்குள், அவனும் அதைக் கட்டிய டெராமனும் ஆளுக்கொரு வாளியோடு குனிந்திருந்தார்கள்.

மொண்டு, பக்கவாட்டுத் துளை வழியே ஆற்றில் ஊற்ற வேண்டும். சத்தம் வரக்கூடாது. மேலே வரலாறு நடந்துகொண்டிருக்கிறது.

"இதுபோன்ற கப்பலில்தான் நம் முன்னோர் மடகாஸ்கர் வரை போனார்கள்!"

நான்காம் பக்கம். கைதட்டல்.

இந்தக் கப்பல் மலேசியாவின் தெரெங்கானு படகுத்துறையில் கயிற்றில் கட்டிக் கிடந்தது. தண்ணீரில் இறங்கி ஒரு மணி நேரம்தான் ஆகிறது.

ஓர் ஆணிகூட இல்லாத கப்பல். பலகைகளை மரமுளையால் இணைத்து, இடுக்குகளில் கெலாம் மரப்பட்டையை வைத்து இறுக்கியது. பட்டை ஊறி உப்பினால்தான் இடுக்கு அடைபடும்.

மூன்று நாள் முன்பே ஆற்றில் போடலாம் என்று டெராமன் கெஞ்சினான்.

முடியாது. கப்பல் முதன்முதலாகத் தண்ணீரைத் தொடுவதை அமைச்சர் தம் கண்ணால் பார்க்க வேண்டும். நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது.

பம்பாவது வைக்கலாமா என்றும் கேட்டான். 'முன்னோர் பம்பு வைத்திருந்தார்களா?' என்று சிவப்பு மையில் எழுதி அந்தக் கோரிக்கையை அடித்ததும் இந்த அதிகாரிதான். அன்று அந்த வாக்கியம் பிடித்துப்போய் இரண்டு பேருக்குப் படித்துக் காட்டினான்.

ஏழாம் பக்கம். கெண்டைக்கால்.

புகைப்படக்காரர் எல்லாரையும் வலப்பக்கம் கூப்பிட்டார். நூற்றிருபது கால்கள் நகர்ந்தன. கப்பல் சாய்ந்தது.

"தண்ணி நிக்குமா?" என்றான் அதிகாரி, மூச்சுக்குள்.

"பட்டை ஊறிட்டா தானா நிக்கும், துவான். நின்னா வாளியக் குறுக்குக் கட்டையில வெச்சிடுவேன்." டெராமன் மொண்டுகொண்டே இருந்தான். "எப்போன்னு பட்டைகிட்டதான் கேக்கணும். அதுக்கு நீங்க நிகழ்ச்சி நிரல் குடுக்கலையே."

ஒன்பதாம் பக்கம்.

முழங்கால்.

அப்போதுதான் பதினோராம் பக்கம் அவன் நினைவுக்கு வந்தது.

துறையில் இருநூறு பள்ளிப் பிள்ளைகள், கையில் கொடியோடு.

'இது உங்கள் கப்பல்! ஏறி வாருங்கள், செல்வங்களே!'

அவனே எழுதியது. முதலில் ஓர் ஆச்சரியக்குறிதான் இருந்தது. போதவில்லை என்று இன்னொன்று சேர்த்தான்.

வாளியைப் போட்டுவிட்டு ஏணியில் ஏறினான்.

தளத்தில் வெயில். அறுபது பேருக்கு நடுவே நடந்தான். ஒவ்வோர் அடிக்கும் சப்பாத்து தண்ணீரைத் துப்பியது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அமைச்சர் விரலை நாக்கில் தொட்டுப் படித்து முடித்த பத்தாம் பக்கத்தைத் திருப்பினார்.

அவன் கைநீட்டி அடியிலிருந்த கடைசித் தாளை எடுத்தான். மடித்தான். ஈரப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அமைச்சர் மேசையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். தாள் இல்லாமல் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"நன்றி," என்றார்.

யாரும் கைதட்டவில்லை. துறையில் கொடிகள் அப்படியே நின்றன. அமைச்சரின் செயலாளர் அவனை நோக்கி வந்துகொண்டிருந்தார். நிதானமாக, அவனுடைய பெயர்ப்பட்டையைப் படித்தபடி.

அந்த அமைதியில் கீழேயிருந்து ஒரு சத்தம்.

குறுக்குக் கட்டையில் வாளி.