யமின் சொன்னதும் தீகா சொன்னதும்

"பயப்படாம பேசும்மா. இந்த அதிகாரி மேனேஜரை வெளியே அனுப்பிட்டாராம். இங்க சொல்றது எதுவும் வெளியே போகாதாம்," என்றான் தீகா.

தாய்லாந்தின் காவோ லாக் கடற்கரையில் ஒரு ஹோட்டல். சலவைக்கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் மேஜைக்குப் பின்னால் தொழிலாளர் துறை அதிகாரி, கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தார். எதிரே யமின். பர்மாவிலிருந்து வந்து ஏழு மாதம் ஆகிறது. அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை.

அதிகாரிக்குப் பர்மிய மொழி தெரியாது. யமினுக்குத் தாய்லாந்து மொழியில் இருபது வார்த்தை தேறினால் அதிகம். அதனால்தான் நடுவில் தீகா. அவனும் பர்மாக்காரன்தான், பத்து வருஷமாக இங்கே இருக்கிறான். மேனேஜர் அறைக்குள் நினைத்தபோது போய்வருவான் என்பதால் பெண்கள் யாருக்கும் அவனைக் கண்டால் ஆகாது.

யமின் தயங்கினாள். வேலை போனால் பெர்மிட்டும் போய்விடும். ஊரில் இரண்டு பிள்ளைகள்.

இருந்தும் சொன்னாள். ஒரு நாளைக்குப் பதினாறு அறை. இரண்டு மாதத்தில் ஒரே ஒரு நாள் லீவு. பாஸ்போர்ட் மேனேஜரின் அலமாரியில். கழிப்பறை ஆசிட்டுக்குக் கையுறை கேட்டால் திட்டு.

உள்ளங்கையை நீட்டினாள். தோல் உரிந்து சதை தெரிந்தது.

"இதையும் அவர்கிட்ட சொல்லுங்கண்ணே."

அவள் ஐந்து நிமிஷம் சொன்னதைத் தீகா இரண்டே வரியில் முடித்துவிட்டான். அதுவும் சிரித்துக்கொண்டே.

அதிகாரி அவள் கையைப் பார்த்து ஏதோ கேட்டார். தீகா பதில் சொன்னான். அதில் ஒரு வார்த்தை மட்டும் யமினுக்குப் புரிந்தது. முந்திரி. விருந்தினருக்காக அறைக்கு அறை முந்திரிப் பாக்கெட்டை வைப்பவள் அவள்தானே.

முந்திரிக்கும் தன் கைக்கும் என்ன சம்பந்தம்?

கத்தியிருக்கலாம். எந்த மொழியில் கத்துவது?

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டு அவளைப் போகச் சொன்னார். அடுத்தடுத்துப் பதினோரு பெண்கள் போய்வந்தார்கள். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். நாங்கள் அழுதோம், அவன் சிரித்தபடி என்னவோ சொன்னான் என்று.

சாப்பாட்டு நேரத்தில் சலவைக்கூடத்துக்குப் பின்னால் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என் கையைப் பத்தி என்ன சொன்னே?" யமினின் வாயில் இப்போது 'அண்ணே' இல்லை.

"லீவு நாள்ல தோப்புக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் போனே, அந்தப் பால் பட்டுத் தோல் உரிஞ்சிடுச்சுன்னு சொன்னேன்."

"லீவு நாளா? எனக்கா?"

யமின் ஓரடி முன்னால் வந்தாள்.

"வேற என்ன சொன்னே?"

"இங்க ஒரு குறையும் இல்லைன்னு சொன்னேன். பன்னிரண்டு பேருக்கும் அதையேதான் சொன்னேன்."

பளாரென்று அறைந்துவிட்டாள். எரிந்தது என்னவோ அவள் கைதான்.

அவன் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு, நீச்சல் குளத்தை ஒட்டிய மூங்கில் தட்டி வரைக்கும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனான். இடுக்கு வழியாகப் பார்க்கச் சொன்னான்.

குடை நிழலில் ஹோட்டல் முதலாளி இறால் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில், அரைக்கால் சட்டையோடு, அந்த அதிகாரி. கழுத்தில் அட்டையைக் காணோம். மேனேஜரே குனிந்து அவருக்குப் பீர் ஊற்றினார்.

"முதலாளியோட மச்சான்," என்றான் தீகா. "யாரு வாயைத் திறக்கிறாங்கன்னு பார்க்கறதுக்காக அனுப்பறது."

யமின் தட்டியிலிருந்து முகத்தை விலக்கினாள். "இதை... முன்னாடியே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா யாரு நம்பியிருப்பீங்க?"

அவன் தட்டிக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"போன சீசன்ல உங்க இடத்துல பதினாலு பேர் இருந்தாங்க," என்றான் அவன். "இவன் நிஜமான அதிகாரின்னு நம்பி, அவங்க சொன்னதையெல்லாம் நான் உள்ளது உள்ளபடி சொன்னேன். மறுநாள் காலையில அவங்கள்ல ஒருத்தர்கூட இங்க இல்ல."